குகைக்குள் குடித்தனம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

ஃபால்அவுட் 4 என்ற கணினி விளையாட்டை விளையாடுவதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அந்தத் துணிச்சலில்தான் கேட்கிறேன். கல்லூரி முடிந்து வேலைக்குக் காத்திருக்கும் நாட்கள் இவை. ஆறு மாதமாக அதில் வரும் வால்ட் 88 என்ற நிலவறையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். கூடம், சமையலறை, மருத்துவ அறை, இருபது கட்டில் என்று எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன, விளக்குகளும் எரிகின்றன. ஆனால் உள்ளே நடந்து பார்த்தால் புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. சுவரொட்டி, பூச்சாடி, சோபா எதைப் போட்டும் அந்த வாடை போகவில்லை. "உலகமே அழிந்த பிறகும் கட்டிலைத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாயா?" என்று அம்மா கேட்கிறார். என்ன குறை என்று சொல்ல முடியுமா?

ஆர்., மேலூர்

அன்புள்ள ஆர்.,

உலகம் அழிந்த பிறகு முதலில் இழுத்துப் போடவேண்டியது கட்டில்தான். அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். அந்தக் கதையில் 2077 அக்டோபர் 23 அன்று அணுகுண்டுகள் விழுகின்றன. 2287-இல் ஒரு நிலவறையில் கண்விழித்து நாம் வெளியே வருகிறோம். பிறகு 2016 ஜூலையில் வந்த வால்ட்-டெக் வொர்க்‌ஷாப் என்ற துணைத்தொகுப்பு, குவின்சி கல்குவாரிக்கு அடியில் பாதியில் நின்றுபோன இன்னொரு நிலவறையைக் காட்டி, இதை நீயே கட்டிக்கொள் என்கிறது. அதுதான் உங்கள் வால்ட் 88. குவின்சி நிஜமான ஊர், பாஸ்டனுக்குத் தெற்கே இருக்கிறது. ஒரு காலத்தில் கிரானைட்டுக்குப் பேர்போனது. பங்கர் ஹில் நினைவுத்தூணுக்கு அங்கிருந்துதான் கல் போனது; அந்தக் கல்லைக் கொண்டுபோக 1826-இல் குதிரைகள் இழுக்கும் தண்டவாளமே போட்டார்கள். மேலூர்க்காரருக்குக் கல்குவாரியைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

இப்போது உங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். குகையை முழுக்க மறைத்துவிட்டீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்த இரும்புச் சுவர்த் துண்டுகள் ஒன்றோடு ஒன்று கச்சிதமாக ஒட்டிக்கொள்வதால் கை நிற்காது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று இரவுகள் கட்டிவிட்டு நின்று பார்த்தால் பாறையே கண்ணில் படவில்லை. நிலத்துக்கு அடியில் இருக்கிறோமா, ஏதாவது அடுக்ககத்தின் நான்காவது மாடியில் இருக்கிறோமா என்று தெரியவில்லை. பாதியைப் பிரித்துப் போட்டேன்.

அதற்குக் காரணம் மாங்குளம். உங்களுக்கு அதிக தூரமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதம் என் மகனோடு அந்த மலைக்குப் போயிருந்தேன். வியர்த்து வழிய ஏறி, சமணத் துறவிகளின் கற்படுக்கை ஒன்றில் சற்றுச் சாய்ந்தேன். முதுகில் பாறையின் குளிர்ச்சி ஏறியது. தலைமாட்டில் கல்லைக் கொஞ்சம் உயர்த்தி விட்டிருந்தார்கள், தலையணைக்குப் பதிலாக. கைவிரலால் தடவினால் உளியின் தடம் தெரிந்தது. மேலே குகையின் நெற்றியில் புருவம்போல ஒரு காடி வெட்டியிருந்தது. மழைநீர் பாறைமேல் வழிந்து உள்ளே வராமல், அந்த விளிம்பிலேயே சொட்டிவிடும். மனித உடம்புக்கும் மழைக்கும் தேவையானதை மட்டும் வெட்டிவிட்டு, மிச்சப் பாறையை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

அங்கே உள்ள தமிழி எழுத்துக் கல்வெட்டு, நெடுஞ்செழியனின் பணியாளான கடலன் வழுதி, கணி நந்தாசிரியன் என்ற சமணத் துறவிக்காக இந்தப் பள்ளியை, அதாவது துறவியின் உறைவிடத்தை, 'கொட்டுபித்த'தாகச் சொல்கிறது. கொட்டுவித்தது, அதாவது கல்லைக் கொத்தி உண்டாக்கச் செய்தது. யாருக்காக என்பது தெரிந்த பிறகுதான் உளி இறங்கியிருக்கிறது. மதுரைக்கு அருகே இதேபோல் கற்படுக்கைகள் உள்ள கொங்கர்புளியங்குளத்துக்குப் போனால் இன்னொரு வேடிக்கை. படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் கிறிஸ்துவுக்கு முந்தியவை. அதே குன்றில் சமணச் சிற்பம் செதுக்கப்பட்டது கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில். அலங்காரத்துக்கு ஆயிரம் ஆண்டு பொறுத்திருக்கிறார்கள். நீங்கள் ஆறு மாதத்தில் பூச்சாடிக்குப் போய்விட்டீர்கள்.

எனவே குறைந்தது ஒரு பக்கச் சுவரையாவது எடுத்துவிட்டுப் பாறையைக் கண்ணில் படவிடுங்கள். இருபது கட்டிலை ஒரே கூடத்தில் வரிசையாகப் போட்டால் அது வார்டுதான், வேறென்ன? நாலைந்தாகப் பிரித்து, குகை எங்கே குறுகுகிறதோ அங்கே ஒதுக்குங்கள். பிறகு கட்டுவதை நிறுத்திவிட்டு, உங்கள் குடிமக்கள் வேலை முடிந்து எங்கே போய் ஒதுங்குகிறார்கள் என்று இரண்டு மாலைப்பொழுது பாருங்கள். நான் வாசல் பக்கம், பாறையை ஒட்டி, வேறு இடமில்லாமல் ஒரு பெஞ்சு போட்டிருந்தேன். அழகழகாகச் சோபா போட்ட கூடத்தை விட்டுவிட்டு எல்லோரும் அந்தப் பெஞ்சில்தான் வந்து உட்கார்ந்தார்கள். சரி, இதுதான் இவர்களுக்கு டீக்கடை என்று அடுப்பையும் கோப்பைகளையும் அங்கே கொண்டுபோய் வைத்தேன். சுவரில் ஒரு சுவரொட்டிகூட இல்லை. என் நிலவறையில் ஆள் வாழ்கிற இடம்போலத் தெரிவது அந்த மூலை ஒன்றுதான்.

கோப்பைகளை அலமாரியில் வைப்பது தனி அவஸ்தை. வழுக்கும், விழும், ஒன்றை எடுத்தால் நான்கு உருளும். பழைய ஆட்டக்காரர்களின் தந்திரம் ஒன்று இருக்கிறது. ஒரு சிறிய கம்பளத்தை விரித்து அதன்மேல் பொருளை வையுங்கள். கம்பளத்தைத் தேர்ந்து பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் மேலே இருப்பதும் சேர்ந்து தூக்கப்படும். சுவருக்குள்ளும் பாறைக்குள்ளும்கூட நுழைந்துபோகும். வேண்டிய இடத்தில் விட்டுவிட்டுக் கம்பளத்தை மட்டும் எடுத்துவிடலாம். செய்வதற்கு முன்னால் ஆட்டத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு மேசையைப் பாறைக்குள் புதைத்தவன்.

மேசை விசிறியைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த உலகில் எல்லோரும் அதைத் திருகாணிக்காகவும் பற்சக்கரத்துக்காகவும் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் மதுரையில் குடியிருப்பவன் ஒரு மேசை விசிறியைப் பிரிப்பானா? எனக்குக் கை வரவில்லை. கட்டிலுக்கு ஒன்று வீதம் வைத்திருக்கிறேன். ஓடாது, பரவாயில்லை.

ஜெனரேட்டர் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. எண்ணெயும் ஊற்றாமல், புகையும் விடாமல் மூடிய குகைக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. நிஜத்தில் டீசல் ஜெனரேட்டரை அப்படி ஓட்டினால் ஒருவரும் காலையில் எழுந்திருக்க மாட்டார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது. மின்வெட்டு நாட்களில் நம் கடைக்காரர்கள் அதை நடைபாதையில் வைத்து நம் காதைக் கெடுப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. நான் என்னுடையதைக் குகை வாய்க்கு அருகே நகர்த்திவிட்டேன். விளையாட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, எனக்குத்தான் தூக்கம் வந்தது.

வேலை கிடைப்பதற்குள் ஒருநாள் காலையில் மாங்குளம் மலை ஏறிவிட்டு வாருங்கள். அம்மாவையும் அழைத்துப் போங்கள். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை சுடும். திரும்பி வந்து அந்தப் பூச்சாடியை என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.