டேடோனா 500 பந்தயத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆண்டுதோறும் நடக்கும் இந்தக் கார் பந்தயத்தில், ஒரே தடத்தை 200 முறை சுற்றி வருவதில் அப்படி என்ன பெருமை என்று கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு பெரிய ஓட்டுநருக்கும் டேடோனா 500 எளிதில் வசப்படாது என்பதுதான் என் பதில்.

டேல் எர்ன்ஹார்ட், இந்தப் பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் என்ற அமைப்பின் சாம்பியன் பட்டத்தை ஏழு முறை வென்றவர். டேடோனா தடத்திலேயே வேறு பந்தயங்களை வென்று குவித்தவர். இந்த 500 மைல் பந்தயம் மட்டும் ஆண்டுக்கணக்கில் கைநழுவிக்கொண்டே இருந்தது. 1990-இல் கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்தபோது மூன்றாவது வளைவில் டயர் கிழிந்தது. டெரிக் கோப் முந்திச் சென்று வென்றார். ஒருவழியாக 1998-இல், இருபதாவது முயற்சியில், எர்ன்ஹார்ட் வென்றார். அன்று எதிரணிகளின் மெக்கானிக்குகள் கார்களுக்கு எரிபொருள் நிரப்பி டயர் மாற்றும் பிட் பாதையில் வரிசையாக வந்து நின்று அவருக்குக் கைகொடுத்தார்கள். தோற்றவர்களே இப்படித் திரண்டு வந்து வாழ்த்தும் வெற்றியை விளையாட்டில் அரிதாகத்தான் பார்க்க முடியும். எனக்கு இந்தப் பந்தயத்தின் மீது பிடிப்பு வந்ததே அந்தக் காட்சியால்தான்.

ஏன் இவ்வளவு கடினம்? தடத்தின் நீளம் 2.5 மைல், வளைவுகள் 31 டிகிரி சாய்ந்திருக்கின்றன. முன்னே செல்லும் கார் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருபவை ஒட்டியபடியே வருகின்றன. தனியாக விலகினால் வேகம் போய்விடும். ஆகவே முன்னணியில் இருப்பவருக்குப் பின்னால் ஒரு துணை வேண்டும். கடைசிச் சுற்றில் அவரை முந்தப் பார்ப்பதும் அந்தத் துணைதான். பாதுகாப்புக்காக 1988 முதல் இங்கே எஞ்சின் திறனையும் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதால், யாரும் தனித்து ஓடிவிட முடிவதில்லை.

இந்தத் தடம் வருவதற்கு முன்பெல்லாம் பாதி கடற்கரை மணலிலும் பாதி சாலையிலும்தான் டேடோனாவில் கார்கள் ஓடின. நாஸ்காரை நிறுவிய பில் ஃபிரான்ஸ் இந்தத் தடத்தைக் கட்டினார். வளைவுகளை உயர்த்த மண் எடுத்த பள்ளம் இன்று தடத்தின் நடுவே ஏரியாக நிற்கிறது. முதல் பந்தயம் 1959 பிப்ரவரி 22 அன்று நடந்தது. ஜானி போசாம்ப் வென்றதாக முதலில் சொன்னார்கள். புகைப்படங்களையும் செய்திப்படத்தையும் ஆராய்ந்து, மூன்று நாள் கழித்து லீ பெட்டியே வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். அவருடைய மகன் ரிச்சர்ட் பெட்டி பின்னாளில் இதை ஏழு முறை வென்றார். அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை.

1979-இல்தான் நாடு முழுவதற்கும் பந்தயம் தொடக்கம் முதல் முடிவு வரை நேரலையாக ஒளிபரப்பானது. பனிப்புயலால் ஏராளமானோர் வீட்டிலேயே இருந்தார்கள். கடைசிச் சுற்றில் முதலிரண்டு இடங்களில் இருந்த டானி ஆலிசனும் கேல் யார்பரோவும் மோதிக்கொள்ள, ரிச்சர்ட் பெட்டி வென்றார். மோதியவர்கள் தடத்தோரம் கைகலப்பில் இறங்கியதையும் நாடே பார்த்தது.

2001-இல் இதே பந்தயத்தின் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி எர்ன்ஹார்ட் உயிரிழந்தார். அதே ஆண்டு தலையையும் கழுத்தையும் காக்கும் கருவியை நாஸ்கார் கட்டாயமாக்கியது. பின்னர் மோதலின் விசையைத் தாங்கும் சுவர்களும் தடங்களில் வந்தன. அதன் பிறகு நாஸ்காரின் முதன்மைத் தொடரான கப் பந்தயம் எதிலும் ஓட்டுநர் ஒருவரும் இறக்கவில்லை.