கொழும்பில் குடியை விடுகிறவர்களின் கூட்டம் எங்கே நடக்கிறது? ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்

நண்பருக்காகக் கேட்கிறீர்கள். சரி. நாலு வருசத்துக்கு முதல் நானும் நண்பருக்காகத்தான் கேட்டுத் திரிந்தேன். அதனால் உங்களுக்கே சொல்வதுபோல எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

ஏஏ, அதாவது அல்கஹோலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் கொழும்பில் நடக்கின்றன. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள், அதில் ஒருவர் டொக்டர், தொடங்கிய சங்கம் அது. அவர்களுடைய இணையத்தளத்தில் நாடுவாரியாகத் தேடிப் பாருங்கள். இடமும் நேரமும் மாறும், விசாரித்துவிட்டே கிளம்புங்கள். நான் ஒருநாள் பூட்டிய கேட்டின் முன்னால் அரை மணித்தியாலம் நின்றிருக்கிறேன். திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்றும் கேளுங்கள். திறந்ததற்கு மனுசியையும் கூட்டிப் போகலாம். மூடியது குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். கட்டணம் கிடையாது. விரும்பியவர்கள் ஏதாவது போடுவார்கள், போடாவிட்டால் ஒருவரும் பார்ப்பதில்லை.

கூட்டமே வேண்டாம், தனியாகக் கதைத்தால் போதும் என்றால், ஹோர்டன் பிளேஸில் மெல் மெதுர இருக்கிறது, மனம் விட்டுக் கதைக்க உதவும் சுமித்திரயோ என்ற தொண்டு அமைப்பு குடி, போதைப் பழக்கத்துக்காக நடத்தும் நிலையம். 1926க்கும் எடுக்கலாம். அது அங்கொடையில் இருக்கும் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். அங்கொடை என்றதும் பயப்படாதீர்கள், போனை எடுத்த உடனே வண்டி அனுப்ப மாட்டார்கள்.

விலாசம் கிடைப்பது ஒரு நாள் வேலை. எனக்கு உள்ளே போக மூன்று கிழமை எடுத்தது. வெள்ளவத்தையில் தும்மினால் கொட்டாஞ்சேனையில் கேட்கும், நம் ஆட்களின் கொழும்பு அவ்வளவுதான். கூட்டம் ஒரு சேர்ச் மண்டபத்தில். முதல் கிழமை பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. இரண்டாம் கிழமை எதிர்ப்பக்கம் ஒரு கடையில் சோடா குடித்துவிட்டு வந்தேன். (சோடாதான்.) மூன்றாம் கிழமை உள்ளே போனால், முதல் கதிரையில் புறக்கோட்டையில் எங்களுக்குத் துணி தருகிற முதலாளி. திரும்பி ஓடியிருப்பேன். அவர் "வாங்கோ தம்பி" என்று பக்கத்துக் கதிரையைத் தட்டினார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அவர் கடைக்குப் போயிருக்கிறேன். துணியின் விலையைத் தவிர ஒரு சொல் பேசியதில்லை, என் மாமாவும் அவரும் வாராவாரம் சந்திப்பவர்களாக இருந்தும்.

அன்று பிளேன்டீ ஊற்றிய ஐயா என் கோப்பையை மட்டும் பாதி நிரப்பினார். எனக்குச் சுருக்கென்றது, புது ஆள் என்று அளந்து ஊற்றுகிறாரே என்று. கோப்பையைத் தூக்கிய பிறகுதான் விளங்கியது. கை ஆடிய ஆட்டத்துக்கு முழுக் கோப்பை என்றால் பாதி சட்டையில் கொட்டியிருக்கும்.

சேர்ச்சுக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் அம்மா, நான் வேதத்துக்கு மாறப்போகிறேன் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. நீ குடித்தாலும் பரவாயில்லை என்று ஒருதரம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். குடியை விட ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், உண்மைதான். 'நாம் விளங்கிக்கொண்டபடியான கடவுள்' என்று போட்டிருக்கிறார்கள், நான் நல்லூரானை வைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரே குறை மொழி. நான் போன கூட்டம் சிங்களமும் ஆங்கிலமும். என் முறை வந்தபோது ஆங்கிலத்தில் இரண்டு வசனம் சொல்லி மாட்டிக்கொண்டு நின்றேன். தமிழிலேயே சொல்லுங்கள் என்றார்கள். பத்து நிமிசம் சொன்னேன். பாதிப் பேருக்குத் தமிழே தெரியாது, ஒருவர்கூட எழும்பிப் போகவில்லை. அதே மாதம் அப்பாவின் ஓய்வூதிய விசயமாக ஓர் அலுவலகத்தில் தனிச் சிங்களத்தில் கடிதம் தந்து, தமிழில் கேட்டதற்கு அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். தமிழும் அரச கரும மொழி என்று 13ஆம் திருத்தம் வந்தது 1987இல். அந்தக் கடிதத்தை வாசித்துத் தந்ததும் கூட்டத்தில் பழக்கமான ஒரு சிங்கள அண்ணைதான். சரி, அது வேறு கதை.

மன உறுதி இருந்தால் போதும், கூட்டம் எதற்கு என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: என்னிடமும் இருந்தது, ஒவ்வொரு போயாவுக்கும், அதாவது பௌர்ணமி விடுமுறைக்கும். சாராயக் கடை பூட்டியிருக்கும் நாளில் எல்லாருக்கும் உறுதி வரும், நான் முதல் நாளே போத்தல் வாங்கி வைத்த ஆள். கூட்டத்தால் எல்லாருக்கும் சரிவரும் என்றும் நான் சொல்லவில்லை. என்னோடு வந்த இரண்டு பேர் திரும்பக் குடிக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். தினமும் குடிக்கிற ஆள் என்றால் நாளைக்கே ஒரேயடியாக நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்கு ஓடாதீர்கள். முதலில் டொக்டரைப் பாருங்கள். திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நான் மூன்றாம் இரவு சுவரில் எறும்பு ஊர்கிறது என்று துடைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் ஒன்றுமே இல்லை. தம்பிதான் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நான் டொக்டர் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

போகிற அன்று பத்து நிமிசம் முந்திப் போங்கள். பிந்திப் போனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பிறகு உங்கள் நண்பர் வரமாட்டார். வாசலில் இருக்கும் காவலாளியிடம் ஏஏ என்று கேட்காதீர்கள், என்னை அவர் ஞாயிறு வகுப்புக்கு அனுப்பிவிட்டார். தேத்தண்ணி மணம் வருகிற பக்கம் போனால் போதும்.