பெட்டகத்தில் கிடந்த பட அஞ்சலட்டைகள்: கேள்வி பதில்

தேவகோட்டை வாசகர்: ரங்கூனிலிருந்து வந்த கார்டு. எந்த வருஷம்?

பின்பக்கம் சேதிக்கும் முகவரிக்கும் நடுவே கோடு இருக்கிறதா? சேதியையும் முகவரியையும் பின்னாலேயே எழுத பிரிட்டன் 1902லும், ஜெர்மனி 1905லும், அமெரிக்கா 1907லும் அனுமதித்தன. அதற்கு முன் படத்தின் ஓரத்து வெள்ளை இடத்தில்தான் நுணுக்கி எழுதினார்கள். கோடில்லாத பழைய சரக்கைப் பிறகும் விற்றார்கள் என்பதால் தபால் முத்திரையையும் பாருங்கள். அது அனுப்பிய நாள்தான், அச்சடித்த நாள் அல்ல.

கானாடுகாத்தான் வாசகர்: கொலோடைப், ஹாஃப்டோன் என்ற இரண்டு அச்சு முறைகளின் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது?

நகைக்கடை லென்ஸ், பத்து மடங்கு. வானத்தையும் முகத்தையும் பாருங்கள். வரிசை தப்பாத புள்ளிகள் என்றால் ஹாஃப்டோன். புழு ஊர்ந்த மாதிரி சுருக்கம் சுருக்கமாக இருந்தால் கொலோடைப்: கண்ணாடித் தட்டில் ஜெலட்டின் பூசி, நெகட்டிவின் கீழ் வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகி மை பிடிக்கும், மற்ற இடம் ஈரம் குடித்து மையைத் தள்ளும். தட்டு சீக்கிரம் தேயும். ஆயிரம், இரண்டாயிரம் பிரதிக்கு மேல் கஷ்டம். புள்ளியும் இல்லை, சுருக்கமும் இல்லை, சாய்த்துப் பிடித்தால் கறுப்பில் வெள்ளி மினுமினுப்பு என்றால் அது நிஜ போட்டோ.

பள்ளத்தூர் ஆச்சி: லேமினேட் செய்யலாமா?

வேண்டாம் ஆச்சி. செலோடேப்பும் கூடாது. பாலியெஸ்டர் உறை போதும். பிவிசி உறை ஒட்டிக்கொள்ளும். பெட்டகத்தில் ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

புதுவயல் வாசகர்: விலை என்ன போகும்?

விலை இங்கே சொல்வதில்லை.

காரைக்குடி வாசகர்: ஜெர்மனி அச்சு வண்ணக் கார்டில் எங்கள் தெரு வீடு மஞ்சள். அதே மஞ்சளைப் பூசலாமா?

அந்த மஞ்சளை நம்பாதீர்கள். எடுத்தது கறுப்பு வெள்ளைப் படம். அதை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள், நிறம் அச்சகத்தில் ஏறியது. ரங்கூன் போட்டோகிராபர் டி. ஏ. அஹூஜா வெளியிட்ட கார்டுகளும் இப்படித்தான்.

இன்னொரு வாசகர்: நிறக் குறிப்பு எழுதி அனுப்பியிருப்பார்களே ஐயா?

சிலர் அனுப்பினார்கள். ‘கூரை சிவப்பு’ என்று எழுதினால் எந்தச் சிவப்பு? அது மை கலக்கியவர் கையில். கூரை ஓரத்தை லென்ஸில் பாருங்கள், நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும்.

அதே வாசகர்: ஆனாலும் முழுக்கப் பொய் என்று...

பொய் என்று யார் சொன்னது? ஜன்னல் எத்தனை, தூண் எங்கே என்பதற்குக் கார்டு நல்ல சாட்சி. நிறத்துக்கு அல்ல.

கண்டனூர் வாசகர்: லேமினேட்...

ஆச்சிக்குச் சொன்னதேதான்.

காரைக்குடி வாசகர்: அப்படியானால் பழைய நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கதவு நிலை மறைவில் ஒரு விரல் அகலம் பிளேடால் அடுக்கடுக்காகச் சுரண்டுங்கள். சுண்ணாம்புப் பூச்சு ஒவ்வொன்றாக வெளிவரும். காரைக்கு நேர் மேலே ஒட்டியிருக்கும் அடுக்கைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.