ஜப்பானிய மொழியில் அனுமதி கேட்டால் வரும் பதிலை எப்படிப் புரிந்துகொள்வது?

நீங்கள் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் தொடக்க நிலையான என்5-க்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். அனுமதி கேட்க வருகிறது, பதில்தான் பிடிபடவில்லை என்கிறீர்கள். கேட்பது சுலபம்தான். வினைச்சொல்லின் 'தெ' வடிவத்தோடு "மோ ஈதெஸ்கா" சேர்த்தால் போதும். "சுவத்தெமோ ஈதெஸ்கா" என்றால் உட்காரலாமா, "ஷஷின் ஓ தொத்தெமோ ஈதெஸ்கா" என்றால் படம் எடுக்கலாமா.

கியோத்தோவில் ஒரு சின்ன மண்பாண்டக் கடை. கூட வந்த நண்பர் படம் எடுக்கலாமா என்று பிழையில்லாமல் கேட்டார். கடைக்கார அம்மா தலையை லேசாகச் சாய்த்து, பல்லிடுக்கில் மூச்சை இழுத்து, "சுமிமஸென், ஷஷின் வா ச்சொத்தோ..." என்று இழுத்து நிறுத்தினார். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. 'ச்சொத்தோ' என்றால் கொஞ்சம் என்று படித்திருந்த நண்பர், கொஞ்சமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று போனைத் தூக்கிவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து இறக்கி, அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பாதியில் விட்டாரே, அதுதான் மறுப்பு.

பாடத்தில் வரும் "தெவா இகெமஸென்" (செய்யக் கூடாது) விதியைச் சொல்வதற்கானது. ஆசிரியர் பிள்ளைகளிடம் சொல்லலாம். கடைக்காரர் வாடிக்கையாளரிடம் சொல்ல மாட்டார். நீங்களும் மேலதிகாரியிடம் சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் சம்மதம் சொல்லும்போது "தோஸோ" போதும், யாரிடமும் பொருந்தும். "ஈதெஸ் யோ" நண்பர்களிடம் சரி. பெரியவர் கேட்கும்போது அப்படிச் சொன்னால் நாம் அவருக்கு அனுமதி வழங்குவது போல ஆகிவிடும். அப்புறம், 'யோ' இல்லாத வெறும் "ஈதெஸ்" பல இடங்களில் 'வேண்டாம்' என்றே அர்த்தப்படும். கடையில் பை வேண்டுமா என்று கேட்கும்போது சொல்லிப் பாருங்கள், பை வராது.

ஜப்பானியர் எல்லாரும் சுற்றி வளைத்துத்தான் பேசுவார்கள் என்று நான் சொல்லவில்லை. நெருங்கியவர்கள் "தமெ" (கூடாது) என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அதைச் சொல்லி யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

என் ஆத்திரமெல்லாம் பயிற்சி மையங்கள் மேல்தான். ஜேஎல்பிடி தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. அதனால் நான் படித்த இடத்தில் வாய் திறந்து பேச வைக்கவே இல்லை. கேட்டால் 'சிலபஸில் இல்லை' என்றார்கள். கட்டணத்தை மட்டும் முழுசாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். ஜப்பானுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளை இப்படி அனுப்புவது அநியாயம். உங்கள் சென்செய் (ஆசிரியர்) யாராக இருந்தாலும் விடாதீர்கள். அனுமதி கேளுங்கள், அவரை மறுத்துக் காட்டச் சொல்லுங்கள்.