முகத்தைப் பார்த்துப் போட்டிக்குணத்தைச் சொல்லலாமா?

மகனுக்குச் சாதுவான முகம், அதில் போட்டிக்குணம் தெரியவில்லை என்று சொல்லிப் பயிற்றுநர் 17 வயதுக்குட்பட்ட கிரிக்கெட் அணியில் சேர்க்கத் தயங்குகிறார், அது சரியா என்று கேட்கிறீர்கள். சரியில்லை. ஆனால் சும்மா சண்டைக்குப் போகாதேங்கோ, அந்தக் கதையின் மூலத்தைத் தெரிந்துகொண்டு போங்கோ.

முக அகலத்தை உயரத்தால் வகுக்கிற விகிதம் ஒன்று இருக்கிறது. 2008இல் கனடாவில் கரே, மக்கோர்மிக் இருவரும் ஐஸ் ஹொக்கி வீரரை ஆராய்ந்து, அகன்ற முகக்காரருக்குத் தண்டனை நிமிடங்கள் (தவறு செய்து ஆட்டத்துக்கு வெளியே இருக்கிற நேரம்) கூட என்று எழுதினார்கள். அது முரட்டுத்தனத்தின் கணக்கு. விட்டுக்கொடாமல் ஆடுகிறது வேறை. 2017இல் கொசின்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர் 137,163 பேரின் இந்த முக விகிதத்தையும் அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்ன குணங்களையும் ஒப்பிட்டார். சொல்லும்படியான தொடர்பு கிடைக்கவில்லை. 'தங்களைப் பற்றி ஆர் உண்மை சொல்லுவினம்?' என்று மறிக்க ஆள் வரும். நியாயம்தான், ஆனால் அவ்வளவு பேரில் ஒரு சாயலாவது தெரிந்திருக்க வேணும்.

அந்த எண் எவ்வளவு லேசாக மாறும் என்று வீட்டில் அளந்தே பாருங்கோ. கமரா கண் மட்டத்தில், 2 மீற்றர் தள்ளி. வாய் மூடி, சிரிப்பில்லாமல், தலை நேராக. ஒரு கன்ன எலும்பின் வெளி விளிம்பிலிருந்து மற்றதுக்கு அகலம், மேலுதட்டின் மேல் விளிம்பிலிருந்து புருவ நடுவுக்கு உயரம். 13.2 சென்ரிமீற்றரை 7ஆல் வகுத்தால் 1.89. சிரித்தால் உதடு மேலேறும், முறைத்தால் புருவம் இறங்கும். உயரத்தில் 3 மில்லிமீற்றர் குறைந்தாலே 1.97. தலை குனிந்தாலும் எண் கூடும், கன்னத்தில் சதை போட்டாலும் கூடும். கைபேசியைக் கிட்டப் பிடித்தால் மூக்குப் பெருத்து முகம் ஒடுங்கி, எண் குறையும். ஸ்ரூடியோப் படத்தை மட்டும் எடுக்காதேங்கோ. கேளாமலே கன்னத்தை ஒடுக்கித் தருகினம்.

முகம் ஒன்றுமே செய்யாது என்றும் நான் சொல்லவில்லை. பார்க்கிறவன் 0.1 செக்கனில் முடிவு கட்டிவிடுவான் என்பது சோதித்துக் கண்ட விஷயம். உங்கட பயிற்றுநருக்கு நடந்ததும் அதுதான்.

அவரிடம் இப்படிக் கேளுங்கோ: வலைப் பயிற்சியில் கடைசி ஓவர், எதிரணிக்கு 8 ஓட்டம் தேவை என்று வைத்துப் பந்தை மகனிடம் குடுக்கட்டும். ஒரு பந்தில் நாலு ஓட்டம் போன பிறகு பெடியன் களத்தடுப்பை மாற்றக் கேட்கிறானா, பந்து குத்துகிற இடத்தை மாற்றுகிறானா, அல்லது அதே இடத்தில் இன்னும் வேகமாக வீசுகிறானா என்று பார்க்க வேணும். ஒரு நாள் போதாது, வேறு வேறு துடுப்பாட்டக்காரரை நிறுத்தி மூன்று பயிற்சியில் பார்த்து, ஒவ்வொரு பந்தையும் கொப்பியில் எழுதட்டும்.