மூன்று ஸ்க்ரூ ஜாஸ் பேஸ் வாங்கலாமா?

கேள்வி: எட்டு வருடமாகப் புது பேஸ் கிட்டார்தான் வாசிக்கிறேன். 1975-இல் செய்தது என்று சொல்லி ஒரு ஃபெண்டர் ஜாஸ் பேஸ் விலைக்கு வந்திருக்கிறது. நெக்கை (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி) உடலோடு மூன்று ஸ்க்ரூதான் பிடித்திருக்கிறது, கம்பிகள் கொஞ்சம் உயரமாக நிற்கின்றன, ஒரு பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) குறைத்தால் இரைச்சல் வருகிறது. நண்பர்கள் தொடவே தொடாதே என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நெக் நன்றாக இருந்தால் வாங்குங்கள். நெக் சரியில்லை என்றால் மற்றதெல்லாம் அருமையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பிக்கப், பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகியின் உள்பாகம்), ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) எது கெட்டாலும் கைதேர்ந்த ஒருவர் சரிசெய்துவிடுவார், முறுக்கிக்கொண்ட நெக்கோடு மட்டும் மல்லுக்கட்ட முடியாது.

மூன்று ஸ்க்ரூ பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி உண்மை. 1970-களின் நடுவில் ஃபெண்டர் நான்கை மூன்றாக்கியபோது, நெக்கைக் கழற்றாமலே ஆலன் கீயால் அதன் சாய்வை மாற்றும் வசதியையும் சேர்த்தது, அது நல்ல யோசனைதான். கெட்ட பெயருக்குக் காரணம் ஸ்க்ரூவின் எண்ணிக்கையை விட, நெக் உட்காரும் பள்ளத்தை அந்தச் சமயத்தில் பல பேஸ்களில் தாராளமாக வெட்டிவிட்டதுதான். பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லர் பேர் சொல்லும் 1977 ஜாஸ் பேஸும் அதே காலத்துச் சரக்கு. பேஸை மடியில் வைத்து, உடலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, ஹெட்ஸ்டாக்கை (நெக்கின் நுனியில் உள்ள தலைப்பகுதி) மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஒருமுறை நான் அப்படித் தள்ளியபோது, மிக மெல்லிய ஜி கம்பி ஃபிரெட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டது, மறுபக்கம் தள்ளியதும் திரும்பி வந்தது. அப்படி அசைந்தால் வேண்டாம்.

அடுத்தது கம்பியின் உயரம், நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். தடித்த ஈ கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாவது ஃபிரெட் பக்கம் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் போதும். அதைவிட அதிகம் என்றால் டிரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் உலோகத் தண்டு) இறுக்க வேண்டும், ஆனால் அது இன்னும் இறுகுமா என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே கடைசி வரை திருகி வைத்திருந்தால் அதற்கு மேல் வழியில்லை. நல்லவேளை, மூன்று ஸ்க்ரூ பேஸில் அதை இறுக்கும் நட் ஹெட்ஸ்டாக் பக்கம் இருக்கும், விற்பவர் சம்மதத்தோடு அங்கேயே கால் சுற்று திருகிப் பார்த்துவிடலாம். அதற்கு முந்தைய ஃபெண்டர்களில் நட் நெக்கின் அடியில் இருப்பதால், ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டிய பாடு.

இரைச்சல் கோளாறே இல்லை. இரண்டு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டவை, இரண்டையும் முழுதாக வைத்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் மறுபடி வரும். ஜி கம்பியில் ஐந்து முதல் ஏழாவது ஃபிரெட்டுக்குள் ஏதாவது ஒரு சுரம் சட்டென்று செத்துப்போகலாம், அதிர்வை நெக் வாங்கிக்கொள்வதால் வருவது, புது பேஸிலும் உண்டு. எவ்வளவு மோசம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருடத்தைச் சரிபார்க்க பாட்-இன் முதுகில் உள்ள எண்ணைப் படியுங்கள். 1377518 என்று இருந்தால் 137 தயாரிப்பாளர், 75 வருடம், 18 வாரம். பேஸ் அதைவிடப் பழையதாக இருக்காது, ஆனால் பின்னால் செய்ததாக இருக்கலாம். சால்டர் புதிதாகப் பளபளத்தால் பாட்-ஐயே மாற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒலி. 1970-களில் பின் பிக்கப்பை பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கம் சுமார் 1 செ.மீ. நகர்த்தினார்கள், அதனால் இந்த பேஸ் கூர்மையாக, கட்டை விரலால் தட்டி வாசிப்பதற்கென்றே செய்தது போல ஒலிக்கும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன், ஃபெண்டரின் இன்னொரு மாடலான 1962 பிரிசிஷன் பேஸில் வாசித்த அந்த உருண்டையான, அடக்கமான ஒலிதான் உங்களுக்கு வேண்டும் என்றால் இது அதைத் தராது. அதில் பாதி ஃபிளாட்வவுண்ட் (மேற்பரப்பு வழுவழுப்பான) கம்பியும் பிரிட்ஜ் மூடிக்குள் இருந்த நுரைத்துண்டும் செய்த வேலை, அவற்றை உங்கள் புது பேஸிலேயே போட்டுப் பார்க்கலாம்.

வாங்கினால் எதை மாற்றினாலும் பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள், ஸ்க்ரூ உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஸ்ட்ராப் மாட்டி அரை மணி நேரம் நின்று வாசியுங்கள், ஆஷ் மரத்தில் செய்ததாக இருந்தால் எடையைத் தோள் சொல்லிவிடும்.