பெங்களூர் அடுக்ககத்தில் வெள்ளைப் பொமரேனியன் குட்டியை எப்படி வளர்ப்பது?

பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பதாகவும், நீங்களும் கணவரும் வேலைக்குச் செல்வதாகவும், பகலில் மாமியார் மட்டும் வீட்டில் இருப்பதாகவும், 45 நாள் ஆன வெள்ளைப் பொமரேனியன் குட்டி ஒன்றைப் பேசி வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வெள்ளை முடியை அழுக்கில்லாமல் வைத்துக்கொள்ள முடியுமா, குட்டியை எப்படி வளர்ப்பது என்பது உங்கள் கேள்வி. அல்சூரில் எங்கள் வீட்டில் சின்னி என்ற வெள்ளை நாய் குட்டிப் பருவத்திலிருந்து வளர்ந்து வருகிறது. இப்போது அதற்கு ஒன்பது வயது. அதை வளர்த்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: குட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதன் காது, வாய், பாதம், வயிறு என்று உடம்பெங்கும் நம் கை படுவதற்கு அதைப் பழக்க வேண்டும். முடியின் வெண்மை அதைத் தொடர்ந்து தானாகவே வரும். இப்படிப் பழகாத நாய்க்குச் சீப்புப் போடவும் முடியாது, உண்ணி எடுக்கவும் முடியாது, மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டவும் முடியாது.

முதலில், குட்டியை 45 நாளில் வாங்காதீர்கள். நாய் இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றுக்காக மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் கடித்து விளையாடும் அந்தக் கடைசி வாரங்களில்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. அதற்கு முன்பே பிரித்து எடுத்து வந்த குட்டிக்கு அந்தப் பாடத்தை நம் விரல்களைக் கொடுத்துக் கற்பிக்க வேண்டியிருக்கும். விற்பவர் தாயைக் காட்ட மறுத்தால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: நம் ஊரில் பொமரேனியன் என்ற பெயரில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் வகையைச் சேர்ந்தவை. உண்மையான பொமரேனியன் வளர்ந்த பிறகும் மூன்றரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. சிறிய வகை ஸ்பிட்ஸ் ஐந்து முதல் ஏழு கிலோ வரை வரும். இதில் குறை ஒன்றும் இல்லை. நம் தட்பவெப்பத்துக்கு நன்றாகப் பழகிய, உறுதியான நாய் அது. ஆனால் ஸ்பிட்ஸ் குட்டிக்குப் பொமரேனியனின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

தடுப்பூசி விஷயத்தில் பலரும் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய வைரஸ் நோய்களான பார்வோ, டிஸ்டெம்பர் முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும் வரை போட வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் இருக்கும் வரை ஊசி மருந்து சரியாக வேலை செய்யாது என்பதாலும், அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுவதாலும்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். எனவே ஒரு ஊசி போட்டாயிற்று என்று நிறுத்திவிடக் கூடாது. ரேபிஸ் ஊசியை மூன்று மாதத்தில் போட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் முறைப்படி தொடர வேண்டும். குடற்புழு மருந்து தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மூன்று மாதம் கடந்த பின் ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. செலவு பெரிதாகத் தோன்றினால், குவீன்ஸ் சாலையில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையும் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

பதினாறு வாரம் வரை தெரு நாய்கள் நடமாடும் இடத்தில் குட்டியைத் தரையில் விடக் கூடாது. பார்வோ கிருமி மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டி சாப்பிட மறுத்து, வாந்தி எடுத்து, துர்நாற்றத்தோடு இரத்தம் கலந்து பேதியானால் மறுநாள் வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். ஆனால் உலகத்தைக் கண்டு பயப்படாமல் பழகிக்கொள்ளும் பருவமும் ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பதினான்காவது வாரத்தோடு முடிந்துவிடுகிறது. ஊசிகள் முடியும் வரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்து, நான்கு மாதம் கழித்து வெளியே கொண்டுபோனால், ஆட்டோ சத்தத்துக்கும் லிப்ட் கதவுக்கும் குடை பிடித்த மனிதருக்கும் நடுங்கி, கண்டவரையெல்லாம் பார்த்துக் குரைக்கும் நாயாகிவிடும். வெள்ளை ஸ்பிட்ஸ் என்றாலே ஓயாமல் குரைக்கும் நாய் என்று கெட்ட பெயர் வந்ததற்கு இந்தப் பூட்டி வைக்கும் பழக்கமே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இதற்கு வழி, குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போவதுதான். சின்னியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு மாலையில் கடைத்தெருவுக்குப் போவோம். காய்கறி வண்டி, கோவில் மணி, பள்ளி விட்டு ஓடி வரும் பிள்ளைகள், எங்கள் காவலாளியின் கன்னடம் என்று எல்லாவற்றையும் அது கையிலிருந்தபடியே பார்த்தது, கேட்டது. நடுங்கினால் சற்றுத் தள்ளி நின்று, அது தானாகத் தலையை உயர்த்திப் பார்க்கும் வரை காத்திருந்து திரும்பி வருவோம். தடுப்பூசி போட்ட, நோயில்லாத நாய் இருக்கும் நண்பர் வீட்டுக்கு அழைத்துச் செல்வதும் நல்லது. தீபாவளி வருவதற்குப் பல வாரங்கள் முன்பே, வெடிச் சத்தப் பதிவை மிகக் குறைந்த ஒலியில், சாப்பாடு வைக்கும் நேரத்தில் ஒலிக்கவிட்டுச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்குங்கள்.

தொட்டுப் பழக்குவதை எப்படிச் செய்வது என்று இனிச் சொல்கிறேன், ஏனெனில் மற்றவை எல்லாம் இதைச் சார்ந்தே இருக்கின்றன. குட்டி ஓடியாடிக் களைத்து மடியில் படுக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பாதத்தைப் பிடித்து, விரலிடுக்கை மெல்லப் பிரித்துப் பார்த்துவிட்டு, வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைச் சிறு பருப்பளவு கொடுங்கள். அடுத்து காது மடலை மடித்துப் பாருங்கள்; மறுபடியும் ஒரு துணுக்கு. மேலுதட்டை ஒரு விரலால் தூக்கி ஈறைப் பாருங்கள். அது கையை இழுத்துக்கொண்டால் வலிந்து பிடிக்காமல் விட்டுவிட்டு, அடுத்த முறை இன்னும் குறைந்த நேரம் தொடுங்கள். சில நிமிடங்கள் போதும், ஆனால் நாள் தவறக் கூடாது. பால்பல் விழும் காலத்தில் மட்டும் வாய்ப்பக்கம் மென்மையாக இருங்கள், ஈறு வலிக்கும்.

இந்தப் பழக்கத்தின் பயன் பெங்களூரில் முதலில் தெரிவது உண்ணி விஷயத்தில். இங்கே ஆண்டு முழுவதும் மிதமான வெப்பம் என்பதால் உண்ணிக்கு ஓய்வுக் காலம் என்று ஒன்று இல்லை. அவை பரப்பும் எர்லிக்கியா, பெபீசியா ஆகிய காய்ச்சல்கள் உயிரைப் பறிக்கக் கூடியவை. வெள்ளை முடி நமக்கு இங்கே பெரிய துணை; கறுப்பு நாயின் மேல் கண்ணில் படாதது இதன் மேல் உடனே தெரியும். காது மடலின் உட்புறம், கழுத்துப்பட்டைக்கு அடியில், கால் விரல்களுக்கு நடுவில், தொடை இடுக்கில் என்று நாள்தோறும் முடியை எதிர்த்திசையில் விலக்கிப் பாருங்கள். சன்னமான கறுப்புப் பொடி தென்பட்டால், அதை ஈரமான வெள்ளைத் தாளில் உதிர்த்துப் பாருங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது அது குடித்த இரத்தம். உண்ணியைக் கண்டால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவதும், கர்ப்பூரம் கரைத்த எண்ணெய் பூசுவதும் நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியங்கள். நாய் உடம்பை நக்கும், கர்ப்பூரம் அதற்கு நஞ்சு. குட்டியின் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற உண்ணி மருந்தை மருத்துவர் தருவார். உண்ணி இருந்த நாய் சோர்ந்து படுத்து, உணவை ஒதுக்கி, ஈறு வெளிறியிருந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். மேலுதட்டைத் தூக்கப் பழகியிருந்தால்தான் ஈறு வெளிறியது உங்களுக்குத் தெரியவே வரும்.

இப்போது நீங்கள் கேட்ட முடிக்கு வருகிறேன். பொமரேனியன், ஸ்பிட்ஸ் இரண்டுக்குமே இரண்டு அடுக்கு முடி உண்டு: மேலே நீண்ட, சற்று முரடான முடி, அடியில் பஞ்சு போன்ற அடர்ந்த முடி. மேலோட்டமாகப் பிரஷ் போட்டால் வெளியே அழகாகத் தெரியும், அடியில் சிக்கு விழுந்துகொண்டே இருக்கும். காதுக்குப் பின்னாலும், முன்னங்கால் அக்குளிலும், பின் தொடையிலும் அது கம்பளி போல இறுகிவிடும். முடியை வகிடு எடுப்பது போலப் பிரித்து, தோல் தெரியும்படி வைத்துக்கொண்டு, அடியிலிருந்து நுனி நோக்கிச் சீவ வேண்டும். சிக்கு இருக்கும் இடத்தில் வேரை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தால் தோல் இழுபடாது. சிக்கை எடுக்காமல் குளிப்பாட்டினால் நனைந்து இன்னும் இறுகும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை குளியல் போதும், அதுவும் நாய்க்கான ஷாம்புவில் மட்டும். நம் ஷாம்பு அதன் தோலை வறளச் செய்யும். வெண்மைக்காகச் சொட்டு நீலம் கலப்பது, டால்கம் பவுடர் தூவுவது ஆகியவை வேண்டவே வேண்டாம். குளித்த பின் அடிமுடி முழுவதும் உலர வேண்டும். மழைக்காலத்தில் இதில் அசட்டையாக இருந்தால் தோல் புண்ணாகிவிடும். வெயில் காலத்தில் பாவம், வேர்க்குமே என்று மொட்டையடித்துவிடாதீர்கள். அந்த முடி வெயிலையும் தடுக்கிறது. ஒட்ட வெட்டினால் சில நாய்களுக்கு அது பழையபடி வளர்வதே இல்லை.

கண்ணுக்குக் கீழே செம்பழுப்பாகக் கோடு விழுவது வெள்ளை நாய் வைத்திருக்கும் எல்லோருக்கும் கவலை. கண்ணீரில் உள்ள போர்பிரின் என்ற நிறமிதான் அது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் தினமும் துடைத்து உலர வைத்தால் குறையும். திடீரென்று அதிகமானாலோ, ஒரு கண்ணில் மட்டும் வந்தாலோ, நாய் கண்ணைச் சுருக்கினாலோ அழகுப் பிரச்சினையாக எண்ணாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உணவில், மாமியாரிடம் அன்போடு பேசி முடிவு செய்ய வேண்டியவை சில உண்டு. தயிர்சாதம் மட்டுமே போட்டு வளர்ப்பது நம் வீடுகளில் சாதாரணம், ஆனால் வளரும் குட்டிக்கு அதில் புரதம் போதாது. குட்டிகளுக்கென்றே விற்கும் நல்ல பப்பி உணவே அடிப்படையாக இருக்கட்டும். வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழி சேர்க்கலாம். பசும்பால் பல குட்டிகளுக்குப் பேதியாகும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லெட் நான்கும் நஞ்சு. அதாவது சாம்பார் சாதமும், உலர் திராட்சை போட்ட பாயசமும் அதன் தட்டுக்குப் போகவே கூடாது. மிகச் சிறிய குட்டிகளுக்கு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால் முதல் மாதங்களில் ஒரு நாளைக்கு நான்கு வேளை கொடுங்கள். தள்ளாடி, நடுங்கி, துவண்டால் ஈறில் சர்க்கரைக் கரைசலைத் தடவியபடி மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

சிறிய நாய்களுக்கு மூச்சுக்குழாய் மென்மையானது, ஆகவே நடைக்குக் கழுத்துப்பட்டையை விட, மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் என்ற வார்ப்பட்டை நல்லது. அடுக்கக வீடுகளின் வழுவழுப்பான தரையில் ஓடி வழுக்குவது முழங்கால் சில்லுக்குக் கெடுதல். ஓரிரு விரிப்புகள் போட்டு, பாதத்தடியில் வளரும் முடியை வெட்டிவிடுங்கள். பால்பற்கள் 28 விழுந்து 42 பற்கள் முளைப்பது ஏழு மாத வாக்கில் முடியும். சிறிய இனங்களில் பால் கோரைப்பல் விழாமல் புதியதன் பக்கத்திலேயே நின்றுவிடுவது உண்டு. கருத்தடை அறுவையின்போது அதே மயக்கத்தில் அதை எடுத்துவிடச் சொல்லலாம். பெண் நாய் என்றால் கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள். கருப்பையில் சீழ் கட்டும் நோய் பின்னாளில் உயிருக்கே ஆபத்தாகிறது.

கடைசியாக ஒன்று. பகல் முழுவதும் குட்டியோடு இருக்கப்போகிறவர் உங்கள் மாமியார். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் அதைச் செய்தித்தாள் விரித்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியவர் அவர்தான். நாயின் ஆயுள் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டு. அவருக்கு முழு மனம் இருக்கிறதா, குனிந்து நிமிர உடம்பு ஒத்துழைக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன் அவரிடமே கேளுங்கள். அவர் தயங்கினால், குட்டிக்குப் பதிலாக, வீட்டுப் பழக்கம் உள்ள வளர்ந்த ஸ்பிட்ஸ் ஒன்றைத் தத்தெடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். பெங்களூரில் 1991 முதல் இயங்கும் 'கம்பேஷன் அன்லிமிடெட் பிளஸ் ஆக்‌ஷன்' போன்ற அமைப்புகளுக்கு, வளர்த்தவர்கள் கைவிட்ட இந்த வகை நாய்கள் வந்து சேர்கின்றன. அவற்றில் தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்த, கை பட்டால் முரண்டு பிடிக்காத நாய் எது என்று அங்கு பராமரிப்பவர்களிடமே கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம்.